கதவு திறப்பதற்கு முந்திய நடை

மூன்று பெண்களோடு கல்கத்தாவில் புறப்பட்ட படம், இரண்டு பெண்களோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. சத்யஜித் ராயின் ‘தீன் கன்யா’ 1961 மே மாதம், தாகூர் நூற்றாண்டை ஒட்டி வெளியானது. தாகூரின் மூன்று சிறுகதைகளை எடுத்து மூன்று தனிப்படங்களாக்கி ஒன்றாகக் கோத்திருந்தார் ராய். மொத்தம் 173 நிமிடம். வெளிநாடுகளுக்குப் போன பிரதி 114 நிமிடம். அதற்கு ‘டூ டாட்டர்ஸ்’ என்று பெயர். முதல் கதை இருந்தது, கடைசிக் கதை இருந்தது. நடுவில் இருந்த ‘மணிஹாரா’ இல்லை. அதன் சப்டைட்டில் வேலை உரிய நேரத்துக்குள் முடியவில்லை என்பது சொல்லப்படும் காரணம். மூன்றும் சேர்ந்தால் நீளம் தாங்காது என்பதும் கூடவே சொல்லப்படுகிறது. அங்கே மூன்றும் ஒன்றாகப் பார்க்கக் கிடைக்க 1990கள் வரை ஆயிற்று.

விடப்பட்ட பெண் பேய். அதனால்தான் இந்தச் செய்தி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

‘மணிஹாரா’வைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பாழடைந்த ஒரு மாளிகைக்கு எதிரே, ஆற்றங்கரைப் படித்துறையில், ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் முக்காடிட்ட ஒரு ஆளிடம் அந்த வீட்டின் கதையைச் சொல்கிறார். சணல் வியாபாரி பணிபூஷண்; அவன் மனைவி மணிமாலிகா. குழந்தை இல்லை. அவன் நகையாக வாங்கிக் கொடுக்கிறான், அவள் நகையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. கிடங்கு தீப்பற்றி வியாபாரம் நொடிகிறது. உன் நகைகளைத் தருவாயா என்று அவன் கேட்ட கணத்தில் அவள் முகத்தில் வருகிற கலவரத்தைக் கனிகா மஜும்தார் கண்ணாலேயே காட்டுவார். கணவன் பணம் புரட்ட வெளியூர் போன சமயத்தில், எல்லா நகையையும் எடுத்துக்கொண்டு உறவுக்காரன் ஒருவனோடு பிறந்த வீட்டுக்கு என்று கிளம்புகிறாள். போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. திரும்பி வந்த பணிபூஷண் அவளுக்கென்று வாங்கி வந்த நகைப்பெட்டியோடு காத்திருக்கிறான். இரவில் காலடி கேட்கிறது, அதோடு நகைகளின் ஓசை. அவள் வருகிறாள். பெட்டியை அவன் எட்டிப் பிடிக்கும் முன்னால், பொன்வளையல் பூட்டிய எலும்புக் கை ஒன்று பாய்ந்து அதைப் பற்றுகிறது.

வாத்தியார் கதையை முடிக்கிறார். முக்காட்டுக்காரர் நான்தான் அந்த பணிபூஷண் என்று சொல்லிவிட்டு மறைந்துபோகிறார். தாகூர் இப்படி முடிக்கவில்லை. அவர் கதையில், கேட்டுக்கொண்டிருந்தவர் என் பெயர்தான் பணிபூஷண் சாஹா என்கிறார். அப்படியானால் உங்கள் மனைவி பெயர் என்று வாத்தியார் கேட்க, நிருத்யகாளி என்று பதில் வருகிறது. அந்த ஒரு பெயரில் வாத்தியார் சொன்னதெல்லாம் ஆட்டம் கண்டுவிடும். ராய் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டு முழுப் பேய்க்கதையாக்கினார். எனக்கு இந்த இடத்தில் தாகூரைத்தான் பிடிக்கும். ஆனாலும் வெட்டப்பட்ட 59 நிமிடத்தை நினைக்கும்போது அது சின்ன மனக்குறை.

எங்கள் கோவளத்தில் நாலைந்து பேர் சேர்ந்து படம் பார்ப்பது உண்டு. தர்கா பக்கத்துத் தெரு வீடு ஒன்றின் மாடி, ஒரு வெள்ளைச் சுவர், கடன் வாங்கிய புரொஜெக்டர், அவ்வளவுதான் ஏற்பாடு. வருகிறவர்களில் ஒருவர் தாம்பரம் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் நெடுங்காலம் ஆபரேட்டராக இருந்தவர். இன்னொருவர் கேளம்பாக்கத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற இளைஞர். ‘மணிஹாரா’வைப் போட்ட இரவில், இந்தப் படத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் அனுப்பினார்கள் என்று நான் சொன்னதும் இளைஞர் உடனே சொன்னார்: “நல்லதுதானே அக்கா? மூணு மணி நேரம் யாரு உக்காருவா? பேய் வர்றதுக்கே முக்கால் மணி நேரம் ஆகுது. நான்னா இதை இருபது நிமிஷத்துல முடிச்சிருப்பேன்.”

ஆபரேட்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, நானும் வெட்டினவன்தான். கடைசி ஆட்டம் லேட்டாச்சுன்னா ஜனம் பஸ்ஸ விட்ரும். ஓனர் ஒரு பாட்டத் தூக்குன்னுவாரு. பிளேடால அறுத்து, சிமெண்டு வெச்சு ஒட்டிட்டு, அறுத்த துண்டுல சீட்டு எழுதி ஆணியில மாட்டிருவோம். பெட்டி திருப்பி அனுப்புறதுக்குள்ள மறுபடி ஒட்டணும். ஆனா பேய்ப்படத்துல ஒண்ணு கத்துக்கிட்டேன். பாட்டத் தூக்கலாம், காமெடியத் தூக்கலாம். கதவு திறக்கறதுக்கு முன்னாடி ஒருத்தி நடந்து வருவா பாரு, அந்த நடையத் தூக்கக் கூடாது. தூக்கினா கதவு திறக்கறப்ப ஒருத்தனும் கத்த மாட்டான்.”

திகில் படங்களின் நீளம் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

ஆபரேட்டர்கள் படத்தை அடிக்கணக்கில்தான் நினைப்பார்கள். 35 எம்.எம். பிலிமில் ஒரு நிமிடம் என்பது 90 அடி. ‘மணிஹாரா’ விடுபட்டதில் போனது ஐயாயிரம் அடிக்கு மேல். தமிழ் சினிமா தன் நீளத்தை முதன்முதலில் கண்டிப்பாக எண்ண வேண்டி வந்ததும் அடியில்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்து, ஒரு படம் 11,000 அடிக்குள் இருக்க வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரமும் இரண்டு நிமிடமும். பாட்டுக்கு மேல் பாட்டாக நீண்டுகொண்டிருந்த படங்கள் உடம்பைக் குறைத்துக்கொண்டன. போர் முடிந்து பிலிம் வந்ததும் நீளமும் திரும்ப வந்தது. இப்போது பிலிமே இல்லை. ஆனாலும் படம் வெளியான சில நாளிலேயே ‘லேக்’ என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து கத்திரியை எடுக்கிறார்கள். 2024-ல் ‘இந்தியன் 2’ 12 நிமிடம் குறைந்தது. அதே ஆண்டு ‘கங்குவா’வும் 12 நிமிடம் குறைந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஜனத்துக்காகப் பாட்டைத் தூக்கிய ஓனரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் துண்டுகள் ஆணியில் மாட்டியிருந்தன, மறுபடி ஒட்டப்பட்டன. இன்றைய வெட்டு எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நீளம், சுருக்கம் என்று திகில் ரசிகர்கள் உலகம் முழுக்கச் சண்டை போடுகிற படம் ‘தி ஷைனிங்’. ஸ்டான்லி குப்ரிக் எடுத்தது. 1980 மே மாதம் அமெரிக்காவில் வெளியானது. ஓடத் தொடங்கிய பிறகே, கடைசியில் வரும் ஆஸ்பத்திரிக் காட்சியை அறுத்து எடுக்கச் சொல்லித் தியேட்டர்களுக்குத் தகவல் போனது. ஆக உலகப் புகழ்பெற்ற இயக்குநரின் படத்திலும் பிளேடைப் பிடித்தது ஆபரேட்டர் கைதான். அப்படி நின்ற அமெரிக்கப் பிரதி 144 நிமிடம். பிறகு பிரிட்டனுக்கும் மற்ற நாடுகளுக்கும் அனுப்பும்போது குப்ரிக்கே இன்னும் 25 நிமிடம் குறைத்து 119 நிமிடமாக்கினார். இரண்டும் அவர் கையால் ஆனவை. எது உண்மையான படம் என்று கேட்டால் அவரிடமிருந்தே இரண்டு பதில் கிடைக்கும். அதனால்தான் இந்தச் சண்டை தீரவில்லை.

நான் 144 நிமிடப் பிரதியின் பக்கம். முழு 25 நிமிடத்துக்காகவும் இல்லை, முக்கியமாக ஒரே ஒரு காட்சிக்காக.

பனிக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் மலை ஹோட்டலுக்குக் காவலாளியாகப் போகப் போகிறான் ஜாக். மனைவி வெண்டி, சின்னப் பையன் டேனி. ஹோட்டலுக்குப் போவதற்கு முன், வீட்டில், பையன் கண்ணாடி முன்னால் நின்று தன் கற்பனைத் தோழனோடு பேசியபடி நினைவு தப்பி விழுகிறான். ஒரு பெண் மருத்துவர் வந்து பார்க்கிறார். பையனுக்கு ஒன்றுமில்லை. பிறகு இரண்டு பெண்களும் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பையனுக்கு இந்தக் கற்பனைத் தோழன் எப்போதிலிருந்து என்று மருத்துவர் கேட்கிறார். வெண்டி சிகரெட் பற்றவைத்துக்கொண்டு சொல்லத் தொடங்குகிறாள். பையனுக்கு அடிபட்ட சமயம். தோள் மூட்டு விலகிவிட்டது. எப்படி? கணவர் குடித்துவிட்டு நேரம் கழித்து வந்தார், பையன் அவருடைய தாள்களையெல்லாம் அறை முழுக்க இறைத்திருந்தான், கையைப் பிடித்து இழுத்தார், கொஞ்சம் வேகம் கூடிவிட்டது, பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் நடப்பதுதானே. அதிலும் ஒரு நல்லது நடந்தது, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார், 5 மாதமாகத் தொடவில்லை. இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். மருத்துவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வெண்டி விரலிடுக்கில் சிகரெட் சாம்பல் உதிராமல் நீண்டுகொண்டே போகிறது, தட்டவும் அவளுக்குத் தோன்றவில்லை.

119 நிமிடப் பிரதியில் இந்தக் காட்சி முழுவதும் போய்விட்டது. சுருக்கப் பிரதியை ஆதரிப்பவர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஜாக் இப்படிப்பட்டவன் என்று முன்பே சொல்லிவிட்டால், பின்னால் அவன் பேய் பிடித்தவன்போல் மாறுவதில் என்ன திகைப்பு இருக்கும்? பின்கதை எதற்கு? நேராக ஹோட்டலுக்குப் போ. நியாயமான வாதம்.

ஆனால் அங்கே சொல்லப்படுவது பின்கதை என்று எனக்குத் தோன்றவில்லை. நம் தெருக்களில் இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கன்னத்தில் வீக்கத்தோடு வந்து, கதவு இடித்துவிட்டது என்று சிரிக்கிற அத்தைகளை நமக்குத் தெரியும். கோபம் வந்தால்தான் அப்படி, மற்றபடி தங்கமான மனுஷன் என்று முடிக்கிற அக்காக்களையும் தெரியும். வெண்டி விளக்கவில்லை, மறைக்கிறாள். மருத்துவரிடம் மறைப்பதற்கு முன்னால் தன்னிடமே மறைத்துக்கொண்டிருக்கிறாள். பிறகு ஹோட்டலில், யாருமில்லாத மதுக்கூடத்தில், ஜாக் தன் வாயால் அந்தச் சம்பவத்தைச் சொல்கிறான். அது நடந்து 3 வருடமாயிற்று என்கிறான். குடியை விட்டதோ 5 மாதம் முன்பு. இரண்டையும் சேர்த்துக் கேட்டவருக்கு நடுவில் இருக்கிற இரண்டரை வருடம் கண்ணில் படும். பையன் கையை இழுத்துப் போட்ட பிறகும் அவன் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். சத்தியம் செய்தார், அத்தோடு நிறுத்தினார் என்று வெண்டி சொன்னது, தானே நம்ப விரும்பிய கதை. 119 நிமிடம் பார்த்தவருக்கு ஜாக்கின் பேச்சு கிடைக்கும். அதைப் பொய்யாக்கவோ மெய்யாக்கவோ வெண்டியின் பேச்சு கிடைக்காது. அந்த இரண்டரை வருட இருட்டுக்கு ஹோட்டலில் நடமாடும் எந்தப் பேயும் ஈடாகாது.

அதே நேரத்தில் 144-ல் இருப்பதெல்லாம் வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். கடைசிப் பகுதியில் வெண்டி ஹோட்டலுக்குள் ஓடும்போது, சிலந்திவலை படர்ந்த எலும்புக்கூடுகள் உட்கார்ந்திருக்கிற கூடம் ஒன்றைப் பார்க்கிறாள். பொருட்காட்சியில் காசு கொடுத்துப் பார்க்கிற பேய் வீடு மாதிரி இருக்கும் அது. குப்ரிக் சுருக்கும்போது இதையும் எடுத்தார். அந்த வெட்டில் அவர் கை தெளிவாக இருந்தது. ஒரே ஆள், ஒரே கத்திரி, ஒரு வெட்டு சரி, ஒரு வெட்டு தவறு. எத்தனை நிமிடம் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் கைக்கு வராது.

நேர் எதிரான உதாரணம் ‘தி எக்ஸார்சிஸ்ட்’. வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கி 1973 டிசம்பரில் வெளியான பிரதி 122 நிமிடம். நாவலையும் திரைக்கதையையும் எழுதிய வில்லியம் பீட்டர் ப்ளாட்டிக்குச் சில காட்சிகள் வெட்டப்பட்டதில் நெடுநாள் வருத்தம். 2000-ல் ஃப்ரீட்கின் அவற்றில் பலவற்றைச் சேர்த்து 132 நிமிடமாக்கி வெளியிட்டார். சேர்ந்தவற்றில் ஒன்று, பேய் பிடித்த ஒரு சிறுமிக்குப் பேயோட்டும் சடங்கின் நடுவே களைத்துப்போன இரண்டு பாதிரியார்கள் மாடிப்படியில் உட்காரும் இடம். இளையவர் கேட்கிறார்: ஏன் இந்தப் பெண்? முதியவர் பதில் சொல்கிறார். நம்மை நாமே மிருகமாக, அருவருப்பானவர்களாகப் பார்த்து நம்பிக்கை இழக்க வேண்டும் என்பதற்காக என்கிறார். 1973 பிரதியில் அந்தப் பேச்சு இல்லை. இருவரும் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ப்ளாட்டிக்கு அந்தப் பதில் ஏன் முக்கியம் என்று எனக்குத் தெரிகிறது. நம்பிக்கையாளராக அவர் சொல்ல வந்ததே அதுதான். இருந்தும் பார்வையாளராக நான் 122 நிமிடத்தின் பக்கமே நிற்கிறேன். ஏன் இந்தப் பெண் என்ற கேள்வி அந்தச் சிறுமியைப் பெற்ற தாயின் வயிற்றில் கிடக்கிற கேள்வி. பதில் கிடைத்த கணத்தில் அது பாடமாகிவிடுகிறது.

வெண்டியின் காட்சியும் பேச்சு, பாதிரியார்களின் காட்சியும் பேச்சு. இரண்டிலும் கேள்வி கேட்கப்படுகிறது, பதில் வருகிறது. ஒன்றில் பதிலுக்குப் பின்னால் நமக்கு இன்னும் தெரியாமல் போகிறது. மற்றதில் தெரிந்துவிடுகிறது.

நம் தமிழ்ப் பேய்ப்படங்கள் எதற்கு நேரம் ஒதுக்குகின்றன என்று பார்த்தால் எனக்கு ஆற்றாமைதான் வரும். பேய்க்கு பிளாஷ்பேக் உண்டு, பெரும்பாலும் இடைவேளைக்குப் பிறகு. அவள் யார், எங்கே பிறந்தாள், யாரைக் காதலித்தாள், யார் கொன்றார்கள், எந்தச் சுவருக்குள் புதைத்தார்கள், எல்லாம் ஒரு பாட்டோடு முழுசாக வரும். அநியாயத்துக்கு ஆளான பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. நம் ஊர்த் தெய்வங்கள் பலவும் அப்படிப் பிறந்தவைதான். ஆனால் கதை தெரிந்த பிறகு பேய் நம் வீட்டுப் பெண்ணாகிவிடுகிறது, வில்லனைக் கொல்லக் காத்திருக்கிறோம், பயம் போய்விடுகிறது. இந்த பிளாஷ்பேக்குக்கு இருபது நிமிடம் தருகிற படம், குடிவந்த முதல் ராத்திரி ஒருத்தி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஹாலைக் கடந்து படுக்கைக்கு வருகிற நடைக்கு இருபது விநாடி தராது. அதற்குள் சத்தத்தைக் கூட்டி ஒரு முகத்தைத் திரையில் எறிந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பங்களா என்றாலே பேய் என்று படங்கள் பழக்கிவைத்திருக்கின்றன. இங்கேயே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும், பங்களாவில் பயமில்லை. ராத்திரி மின்சாரம் போன பிறகு சவுக்குத் தோப்பில் காற்று ஏறி இறங்குகிற அந்தப் பத்து நிமிடம்தான் பயம். அதைப் படம் பிடிக்கச் செலவும் அதிகமாகாது.

விதிவிலக்கு என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவது மலையாளப் படம். ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’, 1993. கிட்டத்தட்ட 169 நிமிடம், முதல் பகுதியில் பெரும்பாலும் வீட்டுக் கலகலப்பு. அதன் தமிழ் வழித்தோன்றல் ‘சந்திரமுகி’ 2005-ல் வந்து சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டியது. அது ரஜினிகாந்தின் படம், அதன் வேகம் அவருடைய வேகம். மூலப் படத்தில், உறவுக்காரப் பெண் அல்லியின் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிறேன் என்று கங்கா கிளம்புகிறாள். கணவன் நகுலன் போக வேண்டாம் என்கிறான். ஏன் போகக் கூடாது என்று அவள் கேட்கிற கேள்வி படிப்படியாக வேறொருத்தியின் குரலாகிறது. ஷோபனாவின் புருவம் மாறுவது, கட்டிலைத் தூக்குவது எல்லாம் பிறகு. முதலில் அது எந்த வீட்டிலும் நடக்கிற புருஷன் பெண்டாட்டி பேச்சு. நகை, போகாதே என்கிற கணவன், அடங்காத மனைவி. முப்பது வருடம் முந்தைய வங்காளப் படத்தில் மணிமாலிகா நின்ற இடமும் இதுவே. இந்தக் காட்சி நம்மைப் பிடிப்பதற்குக் காரணம், அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கங்காவை வெறும் நல்ல மனைவியாகப் பார்த்துச் சலிக்க நமக்கு நேரம் கொடுத்ததுதான். அந்தச் சலிப்பை ‘லேக்’ என்று வெட்டியிருந்தால் கட்டிலைத் தூக்குவது வெறும் வித்தையாகியிருக்கும்.

மறுபடி ‘மணிஹாரா’வுக்கு வருகிறேன். 59 நிமிடத்தை விட்டதில் போனது ஒரு பேய்க்கதை மட்டும் என்றால் வருத்தம் இவ்வளவு இருக்காது. மூன்றில் அதுவே பலவீனமானது என்று சொல்பவர்கள் உண்டு. முதல் படமான ‘போஸ்ட்மாஸ்ட’ரில் ரதன் என்ற அநாதைச் சிறுமி. கடைசிப் படமான ‘சமாப்தி’யில் மிருண்மயி, அபர்ணா சென் நடித்த முதல் படம். அடங்காத பெண், சர்க்கி என்ற அணிலை வளர்ப்பவள், விருப்பமில்லாத கல்யாணத்தின் முதல் இரவில் வீட்டை விட்டு இறங்கிப் போய் ஆற்றங்கரையில் ஊஞ்சல் ஆடுகிறவள். பிறகு மனம் மாறுகிறது, தானாக வந்து கணவனோடு சேர்கிறாள், அறைக் கதவு மூடுகிறது, படம் முடிகிறது. ‘டூ டாட்டர்ஸ்’ பார்த்த அமெரிக்கப் பார்வையாளருக்கு 1963-ல் கிடைத்தது இதுதான்: அன்புக்கு ஏங்கும் குழந்தை, அன்பைக் கண்டுகொள்ளும் குமரி. இனிமையான ராய், மனிதநேயர் ராய்.

கல்கத்தாவில் பார்த்தவருக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் மணிமாலிகா இருந்தாள். வசதியான வீடு, கேட்டதை வாங்கித் தரும் கணவன், தாளிட்ட அறை, அதற்குள் மூச்சுமுட்டுகிற ஒரு பெண். தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ள நகையைத் தவிர ஒன்றுமில்லை. பேராசைக்காரி என்று வாத்தியார் கதை சொல்கிறார். படம் முழுக்க அவர் குரலுக்குக் கட்டுப்படுவதில்லை. அவளைப் பார்த்துவிட்டு, எலும்புக் கையையும் பார்த்துவிட்டு, அப்புறம் மிருண்மயியின் அறைக் கதவு மூடுவதைப் பார்த்தால் அது அதே கதவாக இருக்குமா? அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னும் பத்து வருடம் என்ன என்று ஒரு நடுக்கம் வரத்தான் செய்யும். ‘சமாப்தி’யில் ஒரு சட்டகத்தைக்கூட யாரும் தொடவில்லை, ஆனாலும் அது வேறு படமாயிற்று. ராய் தன் படத்துக்குத் தானே இசையமைக்கத் தொடங்கியதும் ‘தீன் கன்யா’வில்தான். அந்த முதல் முயற்சியில் பயத்துக்கென்று அவர் செய்திருந்ததும் அந்த 59 நிமிடத்தோடு போயிற்று.

இதை நான் சொன்னபோது எடிட்டர் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அக்கா, கல்யாண வீடியோல பொண்ணு நகைய மட்டும் தனியா குளோசப் எடுக்கச் சொல்லுவாங்க. ஆரம், ஒட்டியாணம், வங்கி, ஒவ்வொண்ணா. நான் அஞ்சு மணி நேரத்த நாலு நிமிஷமா ஹைலைட் வெட்டுவேன். எதை எடுத்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நகை ஷாட்டு ஒண்ணு குறைஞ்சா ராத்திரியே போன் வரும்,” என்றார். “இந்தப் படத்துல அந்தப் பொண்ணு கண்ணாடி முன்னாடி நகையப் பாக்கறப்ப எனக்கு என் டைம்லைன்தான் ஞாபகம் வந்துச்சு.”

“அப்ப எதை வெட்டுவே?” என்று கேட்டார் ஆபரேட்டர்.

“எதையும் வேணாம் ஐயா. கடைசில அந்தக் கை மட்டும். அதுவரைக்கும் சத்தந்தான் வருது, நம்ம மனசுல அவ எப்படியோ இருக்கா. கை வந்ததும் ரப்பர் மாதிரி தெரியுது.”

ஆபரேட்டர் மனக்கணக்குப் போட்டார். “பத்து அடி தேறும்.”

எனக்கும் அந்தக் கை பிடிக்கவில்லை. தாகூரின் கதையில் எலும்புக்கு எலும்பு நகை பூட்டிய முழுக் கூடு வந்து கணவனை ஆற்றுக்குள்ளேயே கூட்டிப்போகும். எழுத்தில் அது தாங்கும். ராய் அதைக் குறைத்துக் குறைத்து ஒரு கையில் கொண்டுவந்து நிறுத்தினார், இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். இருந்தாலும் அந்தப் பத்து அடியை எடுத்துவிட்ட பிரதி ஒன்று உலவினால் நான் அதற்கு எதிராகத்தான் பேசுவேன். மாடியில் உட்கார்ந்து இது வேண்டாம், அது வேண்டாம் என்று நாம் சண்டை போடுவதற்கே, அவர் எடுத்தது முழுசாக நம் முன்னால் இருக்க வேண்டும். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. தன் லேப்டாப்பில் கை இல்லாமல் ஒரு தடவை வெட்டிப் பார்க்கப்போவதாகச் சொன்னார். பார்க்கட்டும். மூலத்தையும் கூடவே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அடுத்தடுத்து இரண்டையும் போடலாம்.